கிருமி சாப்பிட்டுப்போன இலை

எங்கள் ஆய்வகத்தில் காலை வேலை பிளேட் திறப்பதில் ஆரம்பிக்கும். முந்தின நாள் மாலை, நோயாளியின் சிறுநீரையோ மலத்தையோ லூப் என்ற கம்பி வளையத்தால் தொட்டு, மெக்காங்கி அகார் என்ற ஊட்டக் கூழ் உறைந்த பிளேட்டில் கோடு கோடாக இழுத்து, 37 டிகிரி இன்குபேட்டருக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். காலையில் எடுத்தால் ஒரு பிளேட்டில் ரோஸ் நிறப் புள்ளிகள் திரண்டிருக்கும். இன்னொன்றில் அதே அளவுப் புள்ளிகள், ஆனால் நிறமே இருக்காது, பனித்துளி மாதிரி தெரியும். இரண்டும் பாக்டீரியாக் கூட்டங்கள்தான். ஒரு புள்ளிக்குள் கோடிக்கணக்கில் இருக்கும்.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் அந்த ரோஸை கிருமியின் சொந்த நிறம் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. பிளேட் தயாரிக்கும்போதே அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் நியூட்ரல் ரெட் என்ற சாயமும் கலந்திருக்கின்றன. லாக்டோஸைத் தின்னத் தெரிந்த கிருமி, தின்ற பிறகு அமிலத்தை வெளியே தள்ளுகிறது. அமிலம் பட்டதும் சாயம் சிவக்கிறது. தின்னத் தெரியாத கிருமி பிளேட்டில் கிடக்கும் புரதத் துணுக்குகளை வைத்துக் காலம் தள்ளுகிறது, அதனால் நிறம் மாறுவதில்லை. சிறுநீர்த் தொற்றுக்கு அடிக்கடி காரணமாகும் ஈ.கோலை முதல் ரகம். டைஃபாய்டு தரும் சால்மோனெல்லாவும் சீதபேதி தரும் ஷிகெல்லாவும் இரண்டாம் ரகம். 1900-களின் தொடக்கத்தில் லிவர்பூலில் ஆல்ஃபிரட் மெக்காங்கி கண்டுபிடித்த இந்த வித்தை இன்றும் உலகம் முழுக்கத் தினமும் நடக்கிறது.

பந்தியில் ஆள் எழுந்துபோன பிறகு இலையைப் பார்த்தே, இவர் பாகற்காயைத் தொடாதவர், இவர் பாயசத்தை மூன்று தடவை வாங்கியவர் என்று சொல்லிவிடலாம் இல்லையா? எங்கள் தொழிலில் பாதி அதுதான். கிருமியை நேரில் விசாரிக்க முடியாது, அது சாப்பிட்டுப்போன இலையைப் பார்க்கலாம். சில நோய்களில் உடம்பைக் கெடுப்பதே அந்த இலையில் கிடக்கும் மிச்சம்தான். அந்த மிச்சம் எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் மெதுவாகப் பார்ப்போம்.

குளுக்கோஸிலிருந்து தொடங்கலாம். ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட சின்ன மூலக்கூறு அது. அதற்குள் சக்தி நிறைய இருக்கிறது, ஆனால் செல்லால் அதை அப்படியே செலவழிக்க முடியாது. டவுன் பஸ்ஸில் ஐந்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் எப்படி முறைப்பார்? அதே நிலைதான். நோட்டைச் சில்லறையாக மாற்றியாக வேண்டும். செல்லின் சில்லறைக்குப் பெயர் ஏ.டி.பி. புரதம் கட்டவும், வாலைச் சுழற்றி நீந்தவும், இரண்டாகப் பிரியவும் அந்தச் சில்லறைதான் செலவாகும்.

மாற்றும் வேலை பத்துப் படிகளில் நடக்கிறது. ஒவ்வொரு படிக்கும் தனியாக ஒரு நொதி, அதாவது என்சைம் உண்டு. முழு வரிசைக்கும் கிளைகாலிசிஸ் என்று பெயர். முதல் பாதியில் வரவு கிடையாது, செலவுதான்: இரண்டு ஏ.டி.பி.யை முன்பணமாகக் கட்ட வேண்டும். அதன்பின் ஆறு கார்பன் சர்க்கரை மூன்று மூன்றாகப் பிளக்கிறது. இரண்டாம் பாதியில் நான்கு ஏ.டி.பி. கைக்கு வரும். முன்பணத்தைக் கழித்தால் நிகர லாபம் இரண்டு. கடைசியில் நிற்பது பைருவேட் என்ற மூன்று கார்பன் பொருள், இரண்டு எண்ணம். நம் தசைக்குள்ளும் இதே பத்துப் படிதான் ஓடுகிறது. பல கோடி ஆண்டுகள் விலகிப்போன உறவுக்காரர்கள் ஒரே சமையல் குறிப்பைக் கையில் வைத்திருப்பது மாதிரி.

கிளைகாலிசிஸ் என்றால் ஏ.டி.பி. கணக்கோடு பாடத்தை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நடுவில் நடக்கும் இன்னொரு சங்கதி.

கட்டட வேலையில் சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நிறைந்த சட்டி மேலே போகும், கொத்தனார் கொட்டிவிட்டு வெறும் சட்டியைக் கீழே அனுப்புவார். சட்டிகள் எண்ணி இருபது இருக்கலாம். இருபதும் நிறைந்துபோய், கொட்ட ஆள் இல்லை என்றால்? கீழே மணலும் சிமெண்டும் மலையாகக் குவிந்திருந்தாலும் வேலை நின்றுவிடும்.

சர்க்கரையை உடைக்கும்போது அதிலிருந்து எலக்ட்ரான்கள் உருவப்படுகின்றன. அவற்றை வாங்கிக்கொள்ளும் சட்டிக்கு என்.ஏ.டி. என்று பெயர். செல்லுக்குள் அது கொஞ்சம்தான் இருக்கும். நிறைந்த சட்டியை எங்கேயாவது கொட்டிக் காலி செய்யாவிட்டால், சர்க்கரை எவ்வளவு இருந்தும் பத்துப் படியும் ஸ்தம்பித்துவிடும். ஆக, கிருமி எதிரே இரண்டு கேள்விகள் நிற்கின்றன. சக்தி எங்கிருந்து வரும் என்பது ஒன்று. சட்டியை எங்கே கொட்டுவது என்பது மற்றொன்று. அமிலம், வாயு, புளிப்பு, நாற்றம் எல்லாமே இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்கள்.

ஆக்சிஜன் இருந்தால், அதைப் பயன்படுத்தத் தெரிந்த கிருமி அதன் தலையில் கொட்டிவிடும். கொட்டும் வழியில் இன்னும் ஏராளமாக ஏ.டி.பி. தேறும். நம் செல்லில் ஒரு குளுக்கோஸுக்கு மொத்தம் சுமார் 30, ஈ.கோலையில் அதற்குக் கொஞ்சம் கீழே. ஆக்சிஜன் இல்லாத இடத்தில், அல்லது ஆக்சிஜனைக் கையாளத் தெரியாத கிருமியிடத்தில், கிடைத்த பைருவேட்டின் மேலேயே திருப்பிக் கொட்ட வேண்டியதுதான். அப்படிக் கொட்டினால் பைருவேட் லாக்டிக் அமிலமாக மாறும். தயிர் புளிப்பது இதனால்தான். இந்த வழிக்கு நொதித்தல் என்று பெயர். லாபம் அதே இரண்டு ஏ.டி.பி.தான். வரவு குறைவாக இருப்பதால் நிறையத் தின்ன வேண்டியிருக்கிறது, நிறையத் தின்பதால் கழிவும் நிறைய.

சர்க்கரை கிருமிக்கு இவ்வளவு இஷ்டம் என்றால் ஜாமும் வெல்லப்பாகும் ஏன் சீக்கிரம் கெடுவதில்லை என்று கேட்பீர்கள். அளவுக்கு மீறிய சர்க்கரை கிருமியின் உடம்பிலிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடுகிறது, கிருமி வளர முடிவதில்லை. 1897-ல் ஜெர்மனியின் எடுவர்ட் புக்னரும் இந்த எண்ணத்தில்தான் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த சாற்றில், கெடாமல் இருக்கட்டும் என்று சர்க்கரையைக் கொட்டி வைத்தார். சாறு நுரைக்கத் தொடங்கிவிட்டது. உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாமல் நொதித்தல் நடந்திருந்தது. அதுவரை உயிரின் மாயம் என்று நினைத்த ஒன்று நொதிகளின் வேலை என்று தெரிந்தது இப்படித்தான். 1907-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி, நம் எல்லோர் வாயிலும் நடக்கும் கதைக்கு வருவோம். பல் சொத்தையை யாரும் தொற்று நோயாக நினைப்பதில்லை. ஆனால் சர்க்கரை தின்னும் கிருமி ஒன்று மனிதனுக்குச் செய்யும் கெடுதலைப் படிப்படியாகப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. முக்கியக் குற்றவாளி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-ல் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்தார்.

ஒரு பிஸ்கட் கடிக்கிறீர்கள். அதிலிருக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கு சுக்ரோஸ் என்று பெயர்: குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்த ஜோடி. மியூட்டன்ஸ் இதை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறது. செல்லுக்கு வெளியிலேயே ஒரு நொதியை வைத்து ஜோடியைப் பிரித்து, குளுக்கோஸ்களைச் சங்கிலியாகக் கோத்துப் பசை செய்கிறது. காலையில் நாக்கால் பல்லைத் தடவினால் வழவழவென்று ஒட்டுமே, அந்தப் படலத்தில் இந்தப் பசையும் சேர்ந்திருக்கும். பிரிந்த ஃப்ரக்டோஸும் மீதிச் சர்க்கரையும் உள்ளே போய்ச் சாப்பாடாகின்றன. வீடும் சோறும் ஒரே கடியில்.

உள்ளே இழுக்கும் முறையும் சாமர்த்தியமானது. 1964-ல் சால் ரோஸ்மனின் குழு கண்டுபிடித்தது இது. சர்க்கரை சுவரைத் தாண்டும்போதே அதன் மேல் ஒரு பாஸ்பேட் முத்திரை குத்தப்படுகிறது. முத்திரை விழுந்த சர்க்கரைக்கு மின்னூட்டம் வந்துவிடும், திரும்ப வெளியே கசிய முடியாது. அந்தப் பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது? பத்துப் படியில் ஒன்பதாவது படி முடிந்ததும் கிடைக்கும் பொருளிலிருந்து. அதாவது, முந்திய சர்க்கரையைத் தின்று முடிக்கும் தறுவாயில் கிடைப்பதை வைத்தே அடுத்த சர்க்கரையை இழுக்கிறது.

மியூட்டன்ஸுக்கு ஆக்சிஜனில் சட்டியைக் கொட்டி ஏ.டி.பி. சம்பாதிக்கும் ஏற்பாடு கிடையாது. ஆகவே லாக்டிக் அமிலம்தான். 1940-களில் ராபர்ட் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல்மேல் படிந்த படலத்துக்குள்ளேயே மின்முனையை வைத்து அமிலத்தை அளந்தார். சர்க்கரைத் தண்ணீரால் வாயைக் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே பி.எச். சரிந்தது, அதாவது அமிலம் கூடியது. மீண்டும் பழைய நிலைக்கு ஏற அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆனது. பி.எச். சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் வந்து அமிலத்தைத் தணித்ததும் அவை ஓரளவு திரும்பப் படியும்.

இந்த ஒரு மணி நேரக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. சாப்பாட்டோடு இரண்டு லட்டு தின்றவருக்குச் சரிவு ஒரு தடவை. ஒரு லட்டைப் பிட்டுப் பிட்டு மத்தியானம் முழுக்கத் தின்றவருக்குப் பல் மத்தியானம் முழுக்க அமிலத்தில் ஊறுகிறது. எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பது பல்லுக்குப் பெரிது. குழந்தையைப் பால் புட்டியோடு தூங்கவிட வேண்டாம் என்று பல் டாக்டர்கள் சொல்வதும் இதனால்தான். தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும், அமிலத்தைக் கழுவ ஆள் இருக்காது.

தன் கழிவில் கிருமியே சாகாதா? வாயிலுள்ள பல கிருமிகள் அந்தப் புளிப்பில் சுணங்கிவிடும். மியூட்டன்ஸ் தன் ஏ.டி.பி.யில் கொஞ்சத்தைச் செலவழித்து, உள்ளே நுழையும் அமிலத்தை இறைத்து வெளியே கொட்டுகிறது. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது மாதிரி. மற்றவை சுணங்கச் சுணங்க இடம் இதற்குக் கிடைக்கிறது. இனிப்பு அதிகம் தின்பவர் வாயில் இதன் ஆட்சி பெருகுவது இப்படித்தான்.

டூத் பேஸ்டில் இருக்கும் ஃப்ளூரைடின் பெரிய வேலை எனாமலை உறுதியாக்குவது. கூடவே, கிருமியின் பத்துப் படியில் ஒன்பதாவது படியை நடத்தும் ஈனோலேஸ் என்ற நொதியையும் அது தடுக்கிறது. மேலே சொன்ன பாஸ்பேட் முத்திரை ஞாபகம் இருக்கிறதா? ஒன்பதாவது படி மந்தமானால் அடுத்த சர்க்கரையை இழுக்கும் கையும் தளர்ந்துவிடும். சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டால் வேறு வழியில் ஏமாற்றுகிறது. மியூட்டன்ஸ் அதையும் சர்க்கரை என்று நம்பி முத்திரை குத்தி உள்ளே எடுக்கும். உடைக்க முடியாது. திரும்ப வெளியே தள்ள வேண்டியதுதான், முத்திரைக்குச் செய்த செலவு வீண்.

எல்லாக் கிருமியும் வெறும் லாக்டிக் அமிலத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஈ.கோலை லாக்டிக், அசிட்டிக், சக்சினிக், ஃபார்மிக் என்று கதம்பமாக அமிலங்களைக் கழிக்கிறது, கொஞ்சம் ஆல்கஹாலும் சேர்த்து. ஃபார்மிக் அமிலத்தை அது மேலும் உடைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு என்ற இரண்டு வாயுக்களாக்கிவிடும். ஆய்வகத்தில் இதைப் பிடிக்க டர்ஹாம் ட்யூப் இருக்கிறது. சர்க்கரைத் திரவம் ஊற்றிய சோதனைக் குழாய்க்குள், சுண்டுவிரல் அளவில் இன்னொரு குட்டிக் குழாயைத் தலைகீழாகப் போட்டு வைப்போம். வாயு வந்தால் அதன் தலைப்பக்கத்தில் குமிழியாகத் தேங்கும். ஈ.கோலைக்குக் குமிழி வரும். டைஃபாய்டு தரும் சால்மோனெல்லா டைஃபி அமிலத்தோடு நிறுத்திவிடும், குமிழி வராது. அதன் நெருங்கிய சொந்தங்களான மற்ற சால்மோனெல்லாக்கள் பெரும்பாலும் வாயு விடுபவை. ஒரு கடுகளவுக் குமிழி இல்லாமல் போனதே எங்களுக்குத் துப்பு.

இதே வாயு உடம்புக்குள் வந்தால் ஆபத்து. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களின் சிறுநீரகத்தில் ஈ.கோலை போன்றவை பெருகி, அங்கே ஏராளமாகக் கிடைக்கும் குளுக்கோஸை நொதிக்க வைத்து, சிறுநீரகத்துக்குள்ளேயே வாயுவை நிரப்பிவிடுவது உண்டு. சி.டி. ஸ்கேனில் கறுப்புக் கறுப்பாகத் தெரியும். அடிக்கடி வருவதில்லை, வந்தால் உயிருக்கே உலை. டர்ஹாம் ட்யூபில் பார்த்த குமிழிதான் அது, இடம்தான் வேறு.

காலராக் கிருமியின் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. விப்ரியோ காலரேயில் கிளாசிக்கல், எல் டோர் என்று இரண்டு வகை. கிளாசிக்கல் வகைக்குச் சர்க்கரை நிறையக் கொடுத்தால் தன் அமிலத்தில் தானே முடங்கிப்போகும். எல் டோர் வகை பைருவேட்டின் ஒரு பகுதியை அசிட்டோயின் என்ற புளிப்பில்லாத பொருளாக மாற்றி அமிலத்தைக் குறைத்துக்கொள்கிறது. இரண்டையும் பிரித்தறிய உதவும் வோகஸ்-ப்ரோஸ்கௌவர் சோதனை பிடிப்பது அந்த அசிட்டோயினைத்தான். 1905-ல் எகிப்தின் சினாய்ப் பகுதியில் எல் டோர் என்ற ஊரின் தனிமைப்படுத்தும் முகாமில் கிடைத்ததால் அந்தப் பெயர். 1961-ல் இந்தோனேசியாவில் கிளம்பிய ஏழாவது உலகளாவிய காலரா இதனால் வந்ததுதான். 1992-ல் சென்னையில் தலைகாட்டிய ஓ139 என்ற புதிய ரகமும் எல் டோர் வழி வந்ததே. அமிலத்தைச் சமாளிக்கும் திறமை மட்டும்தான் அதன் வெற்றிக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், அதுவும் ஒரு காரணம்.

காலராவுக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்கிறோமே, அதிலிருக்கும் சர்க்கரை கிருமிக்குத் தீனியாகாதா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. சிறுகுடலின் சுவர் குளுக்கோஸையும் உப்பையும் ஜோடியாகவே உள்ளே இழுக்கும், அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். அந்தச் சர்க்கரை இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் குடித்தும் உடம்பில் ஒட்டாது. தயங்காமல் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் கிருமி என்றாலே குளுக்கோஸ் பைத்தியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈ.கோலை அப்படித்தான்: இரண்டு சர்க்கரைகளைக் கலந்து வைத்தால் குளுக்கோஸை முடித்துவிட்டு, சற்று நேரம் சும்மா இருந்து, பிறகுதான் அடுத்ததைத் தொடும். 1941 வாக்கில் பாரிஸில் ழாக் மோனோ இந்த நடுவிலான இடைவெளியைக் கவனித்து, ஏன் என்று துருவியதில்தான் மரபணுக்கள் தேவைக்கேற்ப இயங்குவதும் அடங்குவதும் தெரியவந்தது. 1965-ல் நோபல். ஆனால் தீக்காயங்களில் பச்சை நிறச் சீழோடு வரும் சூடோமோனாஸுக்கு குளுக்கோஸ் முதல் பந்தி கிடையாது. சக்சினேட் போன்ற கரிம அமிலங்கள் கிடைத்தால் அவற்றைத்தான் முதலில் தின்னும். அதனிடம் பத்துப் படி வரிசையின் ஒரு முக்கிய நொதியே இல்லை. 1952-ல் என்ட்னரும் டௌடராஃபும் விவரித்த வேறொரு குறுக்கு வழியில் குளுக்கோஸை உடைக்கிறது. கிடைப்பது இரண்டுக்குப் பதில் ஒரே ஏ.டி.பி. ஆக்சிஜனில் கொட்டி ஈடுகட்டிக்கொள்ளும். மெக்காங்கி பிளேட்டில் இதுவும் நிறமில்லாமல்தான் நிற்கும். காசநோய்க் கிருமியோ நம் செல்களுக்குள் உட்கார்ந்துகொண்டு பெரும்பாலும் கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் தின்கிறது.

கடைசியாக, நான் பட்ட ஒரு அவமானம். வேலைக்குச் சேர்ந்த புதிது. சனிக்கிழமை மாலை டி.எஸ்.ஐ. ட்யூப் ஒன்று போட்டேன், சாய்வாக உறைய வைத்த அகார் உள்ள சோதனைக் குழாய் அது. அதில் மூன்று சர்க்கரைகள்: குளுக்கோஸ் 0.1 சதவீதம், லாக்டோஸும் சுக்ரோஸும் ஒவ்வொரு சதவீதம். அமிலம் வந்தால் மஞ்சள், இல்லையென்றால் சிவப்பு. மறுநாள் படிக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை என் முறை, மறந்துபோனேன். திங்கள் காலை எடுத்தபோது சாய்வான மேல்பகுதி சிவப்பு, அடி மஞ்சள். கொஞ்சமாக இருக்கும் குளுக்கோஸை மட்டும் தின்னும் கிருமிக்கு வரும் கோலம் அது. லாக்டோஸ் தின்னாத ரகம் என்று நோட்டில் எழுதிவிட்டேன். பக்கத்திலேயே அதே கிருமியின் மெக்காங்கி பிளேட் ரோஸ் நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தது.

சீனியர் அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்பப் போட்ட ட்யூப் தம்பி இது?"

சொன்னேன்.

"அதானே பார்த்தேன். சர்க்கரை காலியாயிடுச்சு. பசிக்குப் புரதத்தைத் தின்ன ஆரம்பிச்சிருக்கு, அமோனியா விட்டிருக்கு. நேத்து மஞ்சளா இருந்தது இன்னைக்குச் சிவந்துபோச்சு. பதினெட்டுலேர்ந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள படிச்சிடணும்."

பழைய ட்யூபை, நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்கு அனுப்பிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டேன். மறுநாள் சரியாக நேரம் பார்த்து எடுத்தபோது மேலும் கீழும் மஞ்சள், அடியில் அகாரைப் பிளந்துகொண்டு குமிழி.